ஆரத்தி நிறத்தில் நாற்பத்தாறு சட்டிகள்

மேலத்தெரு,
வடகரை வழி,
தென்காசி மாவட்டம்.
ஆவணி 3

அன்பு மகள் வேல்விழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, தம்பி இசக்கிமணி மூவரும் சுகம். செவலைப் பசு போன மாதம் கிடாரிக் கன்று போட்டது, அவை இரண்டும் சுகம். நீயும் உன்னோடு டியூட்டி பார்க்கும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். உன் கேம்ப் இருக்கும் மலை ஊரின் பெயர் இன்னும் என் வாயில் நுழையவில்லை, கவரின் மேல் விலாசத்தை இசக்கிதான் எழுதித் தந்தான். அங்கே இனிமேல் போனும் இருக்காது நெட்டும் இருக்காது என்று நீ சொல்லி இருபத்தாறு நாள் ஆகிறது. உன் அப்பா தினமும் காலையில் உன் நம்பரை அடித்துப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே, அங்கன டவர் இல்ல போல என்று சொல்லிக்கொண்டு தோப்புக்குப் போகிறார். கடைசியாகப் பேசியபோது நீ எனக்கு ஒரு புத்தி சொன்னாய். "யம்மா, நீ நடுவுல போய் நிக்காத. நடுவுல நிக்கவங்களுக்குத்தான் ரெண்டு பக்கம் இருந்தும் கல்லு விழும், நான் தெனமும் பாக்குதேன்" என்றாய். நானும் சரி சரி என்றேன். அது பொய். அதற்கு முந்தின வாரமே நடுவில் போய் நின்றாயிற்று. இப்போது தைரியமாகச் சொல்கிறேன், ஒரு கல்லும் விழவில்லை. போன செவ்வாய்க்கிழமை முப்பிடாதி அம்மனுக்குக் கொடைத் திருவிழா நடந்தது, இரண்டு தெருவும் சேர்ந்து நடத்தியது, கீழத்தெரு முளைப்பாரி நம் வீட்டு வாசல் வழியாகப் போனது, நேற்று வக்கீல் ஆபீஸில் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு வாரமாகப் பால் கறக்கும்போதுகூட எனக்குள்ளே சிரித்துக்கொள்கிறேன் என்று உன் தம்பி கேலி செய்கிறான். ஆகையால் முதலிலிருந்து எழுதுகிறேன், டியூட்டி முடிந்து உட்கார்ந்து படி.

மூன்று வருடம் முன்பு நடந்ததை, நீ ட்ரெய்னிங்கில் இருந்ததால், உன் அப்பா வாயால்தான் கேட்டிருப்பாய். அவர் சொல்வதில் கல் எப்போதும் கீழத்தெருவிலிருந்துதான் கிளம்பும். நான் வாசலில் நின்று பார்த்தவள். முளைப்பாரியைக் குளத்தில் கரைக்க நாம் நம் தெரு வழியாகப் போவோம், அவர்கள் வயலைச் சுற்றிக் குளத்துக்கரை மேல் போவார்கள், இது நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் இருக்கிற வழக்கம். யார் போட்ட வழக்கம் என்று நானும் கேட்டதில்லை. அந்த வருடம் மழையில் கரைப்பாதை முழங்கால் சேறு. கீழத்தெருப் பெண்கள் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நம் தெரு முனையில் வந்து வழி கேட்டு நின்றார்கள். நம் பையன்கள் கை கோத்து மறித்தார்கள், அதில் உன் தம்பியும் ஒருவன். முதல் கல் நம் பக்கத்திலிருந்துதான் போனது. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, ஆனால் உன்னிடம் மறைக்க எனக்கு மனமில்லை. பிறகு அங்கிருந்தும் வந்தது. நாலு சட்டி உடைந்தது, அதில் ஒன்று நம் வாசலுக்கு நேரே. எட்டு நாள் ஒருபொழுது இருந்து வளர்த்த முளை தார் ரோட்டில் சிதறிக் கிடந்ததைப் பார்க்க முடியாமல் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சாத்தியிருக்கக் கூடாது. பதினேழு பையன்கள் மேல் கேஸ் விழுந்தது, நம் தெருவில் ஒன்பது பேர், அவர்கள் தெருவில் எட்டுப் பேர். அத்தோடு கொடை நின்றுபோனது, பேச்சுவார்த்தையும் நின்றுபோனது. ஆனால் அந்தப் பதினேழு பேரும் விடியற்காலையில் ஒரே மைதானத்தில் போலீஸுக்கும் மிலிட்டரிக்கும் ஓடிப் பழகின பிள்ளைகள். உன்னைப் பார்த்துத்தான் இசக்கிக்கும் அந்த ஆசை வந்தது. கேஸ் நிலுவையில் இருந்தால் நன்னடத்தைச் சான்று கிடைக்காது, ஓட்டத்தில் முதலாவதாக வந்தாலும் வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். அடுத்த தேர்வை விட்டால் அவனுக்கு வயது தாண்டிவிடும். போன வருடம் முழுவதும் அவன் ஓடவே போகவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றை விரலால் கோடு கிழித்துக்கொண்டிருப்பான், அதை நான் உனக்குப் போனில் சொன்னதில்லை.

தாலுகா ஆபீஸில் மூன்று தடவை சமாதானக் கூட்டம் போட்டார்கள். நம் பக்கம் உன் அப்பாவும் அவர்கள் பக்கம் செல்லப்பாவும் போவார்கள். உள்ளே நல்லபடியாகத் தலையாட்டிவிட்டு, வெளியே டீக்கடைக்கு வந்ததும் அன்னைக்கு முதலில் கை வைத்தது யார் என்று ஆரம்பித்துவிடுவார்கள். நாங்கள் பெண்கள் எங்கேயும் கூட்டம் போடவில்லை. வாய்தாவுக்கு வாய்தா பிள்ளைகளோடு தென்காசி கோர்ட்டுக்குப் போகிறோம் இல்லையா, இலவச டவுன் பஸ் ஒன்றுதான், அதே பஸ்ஸில்தான் அவர்களும் வர வேண்டும். முன்பக்கம் நாங்கள், பின்பக்கம் அவர்கள். கோர்ட்டில் எங்களுக்குப் புங்கமரத்தடி, அவர்களுக்கு ஜெராக்ஸ் கடைச் சுவர். இரண்டு வருடம் அப்படியே போனது. இந்த ஆனி மாத வாய்தா அன்று சாரல் பிடித்துக்கொண்டது. மரத்தடியில் நிற்க முடியாமல் நாங்களும் அந்த ஜெராக்ஸ் கடைத் தகரத்துக்கு அடியில் போய் ஒண்டினோம். என் பக்கத்தில் மாடத்தி. அவளை உனக்குத் தெரிந்திருக்காது, களையெடுக்கப் போகிறவள், அவள் மகன் இசக்கியோடு சேர்ந்து ஓடினவன். நம் வாசலில் உடைந்தது அவள் சட்டி. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் மழையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் வாயைத் திறந்தாள். "யம்மா, ஒங்க பையன் ரொம்ப எளச்சுட்டானே" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உங்கள் மகனும்தான் என்றேன். இரண்டு பேரும் அழுதோம், பக்கத்தில் நின்றவர்களெல்லாம் தீர்ப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

வரும்போது பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தோம். வயது கேட்டேன், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அப்படியென்றால் உங்களை நான் பேர் சொல்லிக் கூப்பிடுவது தப்பு, அக்கா என்றேன். முன்சீட்டில் இருந்த நம் தெருப் பெண்கள் அத்தனை பேர் கழுத்தும் திரும்பியது. இனி இந்தக் கடிதத்தில் மாடத்தி அக்கா என்றே எழுதுகிறேன், உனக்கு அவள் பெரியம்மா. அன்றைக்கே ஒரு சட்டம் போட்டோம். பஸ்ஸில் எதை வேண்டுமானாலும் பேசலாம், அன்னைக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் பேசக்கூடாது, பேசுகிறவர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடக்க வேண்டும். நம் சந்தனமாரி சித்தி வாயை நீ அறிவாய். அடுத்த வாய்தா முடிந்து திரும்பும்போது பண்பொழி வருவதற்குள் அன்னைக்கு மட்டும் நீங்க என்று ஆரம்பித்துவிட்டாள். இரண்டு தெருவும் சேர்ந்து விசில் அடித்து அவளை இறக்கிவிட்டது. குடையோடு நடந்து வீட்டுக்கு வந்தவள் என்னிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வக்கீல், இரண்டு தரப்பும் ஒன்றாகச் சேர்ந்து மதுரை ஹைகோர்ட்டில் சமாதான மனு போட்டால் கேஸை ரத்து செய்ய நல்ல வாய்ப்பு உண்டு என்று எப்போதோ சொல்லியிருந்தார். அதை நான் எடுத்தேன். மாடத்தி அக்கா மறுக்கவில்லை. ஆனால் அவள் சொன்னது இது. "கையெழுத்து நாளைக்கே போடுதோம். அம்மன் சட்டியத் தூக்கிட்டு ஒங்க தெரு வழியா ஒரு தடவ நடந்து போவணும். அது நடக்காம கையெழுத்துப் போட்டா, பயந்து போட்டதாத்தான் எம் பிள்ள நெனப்பான்." அதில் என்ன தப்பு இருக்கிறது என்று இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன், ஒரு தப்பும் தெரியவில்லை. உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் நடக்காது என்றார். அத்தோடு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். காப்பி வேண்டுமென்றால் கன்றுக்குட்டியிடம் சொல்வார், நான் கன்றுக்குட்டிக்குப் பதில் சொல்வேன்.

தாலுகா ஆபீஸில் கொடைக்கு மட்டும் அனுமதி கிடைத்தது, அதுவும் பழைய வழக்கப்படி அவரவர் பாதையில் போக வேண்டும், முளைப்பாரி வளர்ப்பது ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று. ஒரே இடம் என்றால் காவலுக்கு ஒரு போலீஸ்காரர் போதும் அல்லவா. மேலத்தெருவிலும் வேண்டாம் கீழத்தெருவிலும் வேண்டாம் என்று தேடினால், இரண்டு தெருவுக்கும் நடுவில் தேங்காய் வியாபாரி துல்கர்னைன் அண்ணாச்சியின் கொப்பரை ஷெட் இருந்தது. சாரல் காலத்தில் கொப்பரை காயாது, ஷெட் சும்மாதான் கிடக்கும். கேட்டதும் சாவியைத் தந்தார். அது மட்டுமா, அம்மன் இருக்கப்போகும் இடம் என்று சுவருக்கு வெள்ளையும் அடித்துக் கொடுத்தார். நம் தெருவுக்கு இருபத்து நாலு சட்டி, அவர்களுக்கு இருபத்திரண்டு. வைக்கோலும் எருப்பொடியும் நிரப்பி, ஊறவைத்த நவதானியம் தூவி, ஜன்னலைச் சாக்குப் போட்டு மூடி, இருட்டில் எட்டு நாள். வளர்க்கும் பொறுப்பு நம் தெருவுக்கு நான், அவர்கள் தெருவுக்கு மாடத்தி அக்கா, வேறு யாரும் உள்ளே வரக்கூடாது. எந்தத் தெருப் பயிர் ஓங்கி வளர்கிறதோ அந்தத் தெருப் பக்கம்தான் அம்மன் என்று பேசுகிற ஊர் இது. யார் பயிர் அரை விரல் குட்டையாக இருந்தாலும் மறுபடி கல்லைத் தேடுவார்கள். சட்டி மாறிவிடக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் வாய் ஓரத்தில் குறி போட்டோம், நம்முடையதற்கு மஞ்சள், அவர்களுடையதற்கு அண்ணாச்சி வெள்ளையடித்து மிச்சம் வைத்திருந்த வாளியிலிருந்து சுண்ணாம்பு. நான் மஞ்சளைக் குழைத்தேன், அவள் சுண்ணாம்பைக் குழைத்தாள், எங்கள் மூளையை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் சாரல் இல்லை, மழைதான். குற்றாலத்தில் மெயினருவியில் குளிக்கத் தடை போட்டு, சீசனுக்கு வந்த வண்டியெல்லாம் திரும்பிப் போன நாள் அது. சாயங்காலம் தண்ணீர் தெளிக்க நாங்கள் கதவைத் திறந்தால் மேற்கு மூலையில் ஓடு விலகி ஒழுகிக்கொண்டிருந்தது, அடியில் இருந்த சட்டிகளில் தண்ணீர் நிற்கிறது. முளை அழுகினால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். ஆள் கூப்பிட முடியாது, யாரும் உள்ளே வரக்கூடாது. ஒற்றை அகல்விளக்கை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் நாற்பத்தாறு சட்டியையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கிழக்குப் பக்கம் மாற்றினோம். அவசரத்தில் எது யார் சட்டி என்று பார்க்கவில்லை. குறிதான் இருக்கிறதே. மஞ்சள் குறியைப் பிடித்த நனைந்த கையே சுண்ணாம்புக் குறியையும் பிடித்தது, நான் தூக்கினதை அவள் வாங்கினாள், அவள் தூக்கினதை நான் வாங்கினேன். எல்லாம் முடிந்து விளக்கைத் தூக்கிப் பார்த்தால், வேல்விழி, நாற்பத்தாறு சட்டியின் வாயும் சிவப்பு. எங்கள் நாலு கையும் சிவப்பு. உன் அக்கா தங்கை முறைக்காரிகள் எத்தனை பேர் கல்யாணத்துக்கு நான் ஆரத்தி கரைத்திருப்பேன். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது ஊரில் நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நான் தலையில் கை வைத்துக்கொண்டு சாக்கு மேல் உட்கார்ந்துவிட்டேன், தலையும் சிவந்தது. மாடத்தி அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்குகிறாள். அழுகிறாள் என்று நினைத்தேன், சிரிக்கிறாள். பிறகு எனக்கும் வந்துவிட்டது. வெளியே காவலுக்கு இருந்த போலீஸ்காரர் என்னம்மா சத்தம் என்று கேட்க, அம்மன் பாட்டுப் படிக்கிறோம் என்றேன்.

சிரித்து முடித்ததும் பயம் வந்தது. தோராயமாகப் பார்த்து மறுபடி குறி போட்டுவிடலாமா என்று நான்தான் கேட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டாள். "தெரியாம அழிஞ்சது தப்பு இல்ல. தெரிஞ்சே பொய்க்குறி போட்டா அது வேற. எல்லாத்துக்கும் ஒண்ணுபோலத் தண்ணி ஊத்துவோம், மிச்சத்த அவ பாத்துக்கிடட்டும்" என்றாள். அப்படியே செய்தோம். அதன் பிறகு ஐந்து நாளும் எனக்கு எப்படிப் போனது என்று கேள். எது நம் தெருச் சட்டி என்று தெரிந்தால் அதற்கு ஒரு கை தண்ணீர் கூடத்தான் விழும், மனுஷ மனசுதானே. தெரியாததால் ஒவ்வொரு சட்டிக்கும், இதுதான் வேல்விழி பேருக்குப் போட்டதோ, இதுதான் வேல்விழி பேருக்குப் போட்டதோ என்று நினைத்தே ஊற்றினேன். ஆமாம், உனக்காகவும் ஒன்று போட்டிருந்தேன், நீ அந்த மலையிலிருந்து நல்லபடியாகத் திரும்பி வர. மாடத்தி அக்கா அவள் மகன் பேருக்குப் போட்டிருந்தாள், அவளும் அப்படித்தான் ஊற்றியிருப்பாள். வீட்டில் உன் அப்பா கன்றுக்குட்டியிடம், நம்ம சட்டி நல்லா வளந்திருக்கா என்று தினமும் கேட்டார். எல்லாச் சட்டியும் நன்றாக வளர்ந்திருக்கிறது என்று நானும் கன்றுக்குட்டியிடம் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஷெட்டின் முன்னால் இரண்டு தெருவும் கூடிவிட்டது. நையாண்டி மேளம் ஒரு பக்கம், போலீஸ் வேன் இன்னொரு பக்கம். கதவைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து வைத்தோம். முளையெல்லாம் முழங்கை நீளம், இளமஞ்சளாக, ஒன்றுக்கொன்று குறைவில்லை. அத்தனை சட்டி வாயிலும் சிவப்பைப் பார்த்ததும் நாலைந்து பேர் அம்மன் குங்குமம் வைத்துவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது, ஆனாலும் அந்த நேரத்தில் வாயைத் திறக்கவில்லை, அதற்கு அம்மன் என்னை மன்னிக்கட்டும். செல்லப்பா முன்னால் வந்து ஓங்கியிருப்பதெல்லாம் எங்களது என்றார். உன் அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு, அது எங்களது என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் உள்ளதைச் சொன்னேன், ஓடு ஒழுகியது, குறி அழிந்தது, எது யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று. மேளம் நின்றுவிட்டது. என் காதுக்குள் மூன்று வருடம் முன்னால் சட்டி உடைந்த சத்தம் கேட்டது. யாரோ பின்னால் ஒருவன் ரெண்டு பொம்பளைங்களும் சேந்து செஞ்ச வேலை என்று கத்தினான். அப்போது மாடத்தி அக்கா நடுவில் வந்து நின்று, சத்தம் போடாமல் பேசினாள். "எங்க சட்டி ஒங்க சட்டியோட கலந்துட்டு. ஒண்ண விட்டுட்டு ஒண்ணு போவ முடியாது, அம்மனுக்குப் போட்ட சட்டிய நடுவழியில விட்டா அந்த வீடு என்னத்துக்கு ஆவும். அதனால எல்லாச் சட்டியும் ஒண்ணாத்தான் போவணும். எந்த வழின்னு ஆம்பளைங்க சொல்லுங்க. கரை வழின்னாலும் சரி, தெரு வழின்னாலும் சரி, நாங்க வாறோம்."

கரைப்பாதையில் அன்றைக்குச் சேறு எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும். கரை வழி என்று சொன்னால் நம் தெருப் பெண்களும் அதில் இறங்க வேண்டும். தெரு வழி என்று சொன்னால் கீழத்தெரு நம் வாசல் வழியாக நடக்கும். தடுக்கலாம் என்றால் தடுக்கிற சட்டி தன் வீட்டுச் சட்டியாகவே இருக்கலாம். உன் அப்பாவின் முகத்தை நான் முப்பது வருடமாகப் பார்க்கிறேன், அப்படிக் குழம்பிப் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து, பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்ட அதே சந்தனமாரி சித்தி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு போய் முதலில் கிடைத்த சட்டியைத் தலையில் வைத்தாள். "எனக்குக் கால்ல சேத்துப்புண்ணு. நான் தெரு வழியாத்தான் போவேன், வாறவ வாங்கட்டி" என்றாள். அவ்வளவுதான். நான் ஒன்றைத் தூக்கினேன், மாடத்தி அக்கா ஒன்றைத் தூக்கினாள், கண்மூடித் திறப்பதற்குள் நாற்பத்தாறு சட்டியும் தலைக்கு ஏறிவிட்டது. யார் தலையில் யார் சட்டி என்று பார்க்க ஒருத்திக்கும் நேரமில்லை. இரண்டு தெருவும் சேர்ந்து நகர்வதைப் பார்த்துப் போலீஸ்காரர்களும் மறிக்காமல் வேனை ஓரம் கட்டினார்கள். மேளக்காரர்கள் தாங்களாகவே அடிக்க ஆரம்பித்தார்கள், சித்தி ஒதுங்கி மாடத்தி அக்காவை முன்னால் விட்டாள். தெரு முனையில், முன்பு கை கோத்து மறித்த அதே இடத்தில், இசக்கியும் நம் தெருவின் மற்ற எட்டுப் பிள்ளைகளும் நின்றார்கள். உன் தம்பி குனிந்து ரோட்டில் கிடந்த சரளைக்கல்லைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு, பாத்து வாங்க பெரியம்மா என்று மாடத்தி அக்காவுக்கு வழி விட்டான். எதிரில் அவள் மகன் நின்றான். இரண்டு பேரும் சேர்ந்து ஊர்வலத்துக்கு முன்னால் ஓடி ஓடி ரோட்டை ஒதுக்கிக்கொண்டே போனார்கள். இரண்டு பேரும் ஓடுவதைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று.

நம் வீட்டு வாசல் வந்தது. வாசலில் நின்று சட்டி சுமப்பவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது வீட்டுப் பெண் செய்ய வேண்டிய காரியம். நான் சட்டியோடு வரிசையில் பின்னால் வருகிறேன், நீ அங்கே இருக்கிறாய், வீட்டில் வேறு பெண் இல்லை. உன் அப்பா குறுக்கு வழியில் முன்னால் ஓடிப்போய் வாசலில் நின்றுவிட்டிருந்தார், மறிக்கவா வேறு எதற்கா என்று எனக்குத் தெரியாது. மாடத்தி அக்கா சரியாக, அவள் சட்டி உடைந்த இடத்தில் வந்து நின்றாள். தண்ணீர் ஊற்றாமல் வாசலைத் தாண்டக்கூடாது. பின்னால் நாற்பத்தைந்து சட்டி நிற்கிறது. உன் அப்பா கேட்டார், இது யாரு சட்டி என்று. "தெரியலையே அண்ணாச்சி. ஒங்க வீட்டுதாவும் இருக்கும், எங்க வீட்டுதாவும் இருக்கும்" என்றாள். அவர் அந்தச் சிவப்பு வாயைப் பார்த்தார். பிறகு துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, நான் காலையில் வேப்பிலை போட்டுக் கரைத்து வைத்திருந்த குடத்தை எடுத்து, குனிந்து, அவள் இரண்டு காலிலும் ஊற்றினார். ஒரு காலுக்கு ஊற்றிவிட்டு நிறுத்தவில்லை, இரண்டு காலுக்கும். அவளுக்கு மட்டுமில்லை, நாற்பத்தாறு பேருக்கும் அவரே ஊற்றினார், குடம் தீரத் தீர இசக்கி நிரப்பிக் கொடுத்தான். கடைசியில் நான் வந்தபோது நிமிர்ந்து என்னைப் பார்த்து, இடுப்பு வலிக்குதுட்டி என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது, இரண்டு கையாலும் சட்டியைப் பிடித்திருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

குளத்தில் கரைத்துவிட்டு வந்து இரண்டு தெருவும் கோயில் முன்னால் ஒரே பந்தியில் சாப்பிட்டது. நேற்று, திங்கட்கிழமை, வக்கீல் ஆபீஸில் பதினேழு பிள்ளைகளும் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். மதுரையில் இன்னும் விசாரணை இருக்கிறது, இன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை, ஆனால் இரண்டு பக்கமும் ஒரே காகிதத்தில் இருப்பதைப் பார்த்து வக்கீலே எழுந்து நின்று கை கொடுத்தாராம். இன்று விடியற்காலை இசக்கி ஷூவைத் தேடினான். எலி கடித்து வைத்திருக்கிறது, புதிது வாங்க வேண்டும். கொடைக்கு மறுநாளே, அம்மன் குங்குமம் என்று சொன்னவர்களிடம் நாங்கள் இரண்டு பேரும் போய், அது மஞ்சளும் சுண்ணாம்பும்தான் என்று சொல்லிவிட்டோம். யாரும் நம்பவில்லை. துல்கர்னைன் அண்ணாச்சி மட்டும், என் சுண்ணாம்பு நல்ல சுண்ணாம்பு என்று பெருமைப்பட்டுக்கொண்டார். அடுத்த வருடம் குறியே போட வேண்டாம் என்று இரண்டு தெருப் பெண்களும் பேசி வைத்திருக்கிறோம். உன் அப்பா இப்போது டீக்கடையில் உட்கார்ந்து, தெரு வழியாகப் போவது தன் யோசனைதான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். செல்லப்பா அது தன் யோசனை என்கிறார். இரண்டு பேரும் அதற்காக மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து. போடட்டும்.

நீ அங்கே இரண்டு ஊருக்கு நடுவில் துப்பாக்கியோடு நிற்பதாகச் சொன்னாய். உன் வேலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, புத்தி சொல்லவும் வரவில்லை. ஆனால் அந்த இரண்டு ஊருக்கும் ஒரே பஸ் எங்கேயாவது ஓடும், ஒரே ஆஸ்பத்திரி வரிசை எங்கேயாவது இருக்கும், அதில் நிற்கிற பொம்பளைகளைப் பார்த்தால் ஒரு சிரிப்புச் சிரி, பாஷை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை எளச்சுட்டானே என்பதை அந்த ஊர்ப் பேச்சில் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டு வைத்துக்கொள். பார்சலில் எள்ளுப்பொடியும், தேங்காய் எண்ணெயும், இரண்டு ஜோடி கம்பளிச் சாக்ஸும் வைத்திருக்கிறேன். ஒரு ஜோடி மாடத்தி பெரியம்மா தென்காசியில் வாங்கிக் கொடுத்தது, எது என்று சொல்ல மாட்டேன். பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளிக்காதே. சட்டி வாயில் வழித்த அந்தச் சிவப்பையும், கரைக்குமுன் பறித்த நாலு முளையையும் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன், யூனிபாரப் பையில் வைத்துக்கொள். எந்தச் சட்டியில் பறித்தது என்று கேட்காதே.

உன் பேருக்குப் போட்ட சட்டி அன்றைக்கு யார் தலையில் போனது என்று இதுவரை எனக்குத் தெரியவில்லை, இனியும் தெரியப்போவதில்லை. நாற்பத்தாறு பெண்களில் யாரோ ஒருத்தி உன்னைத் தலையில் தாங்கி, உடையாமல், சிந்தாமல், குளம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். அதனால் இப்போதெல்லாம் சாயங்காலம் விளக்கேற்றும்போது உனக்கு மட்டும் என்று என்னால் வேண்டிக்கொள்ள முடிவதில்லை. நாற்பத்தாறு வீட்டுப் பிள்ளைகளையும் சொல்லித்தான் கும்பிடுகிறேன், அந்தக் கணக்கில் நீயும் இருக்கிறாய். தீர்க்காயுசாக இரு, தலை நிமிர்ந்து இரு. போன் கிடைத்ததும் முதலில் அப்பாவைக் கூப்பிடு, என் யோசனை எப்படி என்று கேட்பார், பிரமாதம் என்று சொல்லிவிடு.

உன் அம்மா,
த. ஆனந்தவள்ளி